1938: எட்டு மேதைகளும் ஒரு சதுரங்கப் பலகையும்

வாசக நண்பரே, சதுரங்கப் பலகை ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படியுங்கள். பலகை இல்லையா? கவலை வேண்டாம். ஒரு தாளில் எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள் வரைந்து, சிறு காகிதத் துண்டுகளில் காய்களின் பெயரை எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் கட்டங்களுக்குப் பெயர் வைப்போம். வெள்ளைக் காய்களை ஆடுபவரின் இடப்புறத்திலிருந்து எட்டு நெடுவரிசைகளுக்கும் ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று பெயர். அவர் பக்கத்திலிருந்து குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்கள். ஆகவே 'ஈ5' என்றால் ஈ வரிசையில் ஐந்தாவது கட்டம். காய்களின் பெயர் ஊருக்கு ஊர் மாறும். மூலைவிட்டமாகச் செல்லும் காயை இங்கே மந்திரி என்றும், மூலையிலிருந்து புறப்பட்டு நேராகச் செல்லும் காயைக் கோட்டை என்றும் குறிப்பிடுகிறோம்.

இப்போது காய்களை இவ்வாறு அடுக்குங்கள்.

வெள்ளை: ராஜா ஜி1, ராணி ஈ5, மந்திரி பி2, குதிரை ஜி3, சிப்பாய்கள் சி3, டி4, ஈ6, ஜி2, எச்2.

கறுப்பு: ராஜா ஜி7, ராணி ஈ7, குதிரைகள் பி3, எஃப்6, சிப்பாய்கள் ஏ7, பி6, சி4, டி5, ஜி6, எச்7.

எண்ணிப் பாருங்கள். கறுப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல். வெள்ளை நகர்த்தவேண்டிய முறை. நீங்கள் வெள்ளையாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஐந்து நிமிடம் சிந்தித்துவிட்டு மேலே படியுங்கள். விடை கிடைக்காவிட்டாலும் தாழ்வில்லை. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், ஹாலந்து நாட்டின் ரோட்டர்டாம் நகரில் இதே நிலையைப் பார்த்துக்கொண்டு இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் முன்னாள் உலக வீரர். மற்றவர் பின்னாளில் உலக வீரர் ஆனவர். இந்த நிலை எப்படி உருவானது, இதில் என்ன நடந்தது, அந்தப் போட்டி உலகுக்கு எதை விட்டுச் சென்றது என்பதைக் காண்போம்.

வானொலி நடத்திய போட்டி

ஹாலந்தில் ஆவ்ரோ என்ற வானொலி ஒலிபரப்பு நிறுவனம் இருந்தது. அது 1938 நவம்பர் 6 முதல் 27 வரை ஒரு சதுரங்கப் போட்டியை நடத்தியது. அக்காலத்தில் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் எனக் கருதப்பட்ட எண்மரை மட்டுமே அழைத்தது. ஒவ்வொருவரும் மற்ற எழுவருடன் இரண்டு முறை மோதவேண்டும். ஒரு முறை வெள்ளை, ஒரு முறை கறுப்பு. ஆக 14 சுற்றுகள், 56 ஆட்டங்கள்.

இதுபோன்ற போட்டிகள் வழக்கமாக ஒரே ஊரில், ஒரே மண்டபத்தில் நடைபெறும். ஆவ்ரோ அப்படிச் செய்யவில்லை. நாட்டின் பல நகரங்களில் உள்ள மக்களும் மேதைகளை நேரில் காணவேண்டும் என்று அது விரும்பியது. ஆகவே ஆம்ஸ்டர்டாம், ஹேக், ரோட்டர்டாம், கிரோனிங்கன், ஹார்லெம், லெய்டன் என்று ஊர் ஊராக ஆட்டம் நகர்ந்தது. மக்களுக்கு மகிழ்ச்சி, ஆட்டக்காரர்களுக்கோ இரயில் பயணமும் களைப்பும். இளைஞர்கள் இதைத் தாங்கினார்கள். வயதானவர்களுக்கு அது எளிதாக இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவுப் பட்டியலைப் பார்க்கும்போது உதவும்.

அந்த எண்மர் யார்?

ரஷ்யாவில் பிறந்து பிரான்சில் குடியேறிய அலெக்சாண்டர் அலேகின், வயது 46, அப்போதைய உலக வீரர். கியூபா நாட்டவரான ஹோசே ரவுல் காபாபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலக வீரராக இருந்தவர். 1916 முதல் 1924 வரை எட்டு ஆண்டுகள் எந்தப் போட்டியிலும் ஓர் ஆட்டம்கூடத் தோற்காதவர். போட்டி நடந்துகொண்டிருந்தபோதே, நவம்பர் 19 அன்று, அவருக்கு 50 வயது நிறைந்தது. ஹாலந்துக்காரரான மாக்ஸ் யூவே, வயது 37, கணித ஆசிரியர். 1935 முதல் 1937 வரை உலக வீரர். இந்த யூவே 1929-இல் ஒரு கணிதக் கட்டுரை எழுதியவர். அன்றைய விதிகளின்படி சதுரங்க ஆட்டம் ஒன்று முடிவே இல்லாமல் நீளக்கூடும் என்று அதில் நிறுவியிருந்தார்.

அடுத்த தலைமுறையினர் ஐவர். சோவியத் நாட்டின் மிகைல் போட்வினிக், வயது 27, மின்பொறியாளர். எஸ்தோனியாவின் பால் கேரஸ், வயது 22, எண்மரில் இளையவர். அமெரிக்காவிலிருந்து இருவர்: 24 வயதான ரூபன் ஃபைன், சிறு பிள்ளையாக இருந்தபோதே பெரியவர்களைத் தோற்கடித்துப் புகழ்பெற்ற சாமுவேல் ரெஷெவ்ஸ்கி. எட்டாமவர் செக்கோஸ்லோவாகியாவின் சாலோ ஃபுளோர். முதல் உலகப் போரில் பெற்றோரை இழந்து, அகதியாக வளர்ந்து, சதுரங்கத்தால் முன்னுக்கு வந்தவர்.

இவர்கள் ஏன் கூட்டப்பட்டார்கள்? அக்காலத்தில் உலக வீரர் பட்டத்துக்கு ஒழுங்கான தேர்வுமுறை கிடையாது. வீரரே தம் எதிரியைத் தேர்ந்தெடுப்பார். பணமும் நிபந்தனையும் பேசி முடித்தால்தான் போட்டி. ஆவ்ரோவில் முதலிடம் பெறுபவரே அலேகினை எதிர்க்கத் தகுதியானவர் என்று உலகம் எதிர்பார்த்தது. அலேகினோ, வெற்றி பெறுபவருடன்தான் ஆடவேண்டும் என்ற கட்டாயம் தமக்கு இல்லை என்பதைத் தெளிவாக்கிவிட்டார்.

இரண்டு நாடுகளின் நிழல்

பலகைக்கு வெளியே நடந்ததையும் சொல்லவேண்டும். போட்டி தொடங்குவதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்புதான் மியூனிக் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஃபுளோரின் நாடான செக்கோஸ்லோவாகியாவின் எல்லைப் பகுதிகளை ஜெர்மனி எடுத்துக்கொண்டது. போட்டியின் முதல் வாரத்தில், நவம்பர் 9, 10 தேதிகளில், பக்கத்து நாடான ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் அடித்து நொறுக்கப்பட்டன, கொளுத்தப்பட்டன. ஆவ்ரோ மேசைகளில் அமர்ந்திருந்த எண்மரில் நால்வர் யூதர்கள்: போட்வினிக், ஃபைன், ரெஷெவ்ஸ்கி, ஃபுளோர். அவர்கள் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்பதை ஆட்டக் குறிப்புகள் சொல்வதில்லை. ஆனால் முடிவுப் பட்டியலில் ஃபுளோரின் பெயருக்கு எதிரே வெற்றி என்ற இடத்தில் ஒரு சுழி மட்டுமே இருக்கிறது.

போட்டியின் போக்கு

முதல் சுற்றிலேயே ஃபைன் போட்வினிக்கைத் தோற்கடித்தார். முதல் ஆறு ஆட்டங்களில் ஐந்தரைப் புள்ளிகள் சேர்த்தார். இத்தகைய கூட்டத்தில் இது வியப்புக்குரிய தொடக்கம். உலக வீரர் அலேகினை இரண்டு ஆட்டங்களிலும் வென்றவரும் அவர்தான். ஏழாவது சுற்றில் கேரஸ் அவரைத் தடுத்து நிறுத்தினார். ஃபைனின் ஓட்டம் அங்கே தளர்ந்தது. கேரஸோ ஓர் ஆட்டமும் தோற்காமல், மூன்றே வெற்றிகளுடன் மெல்ல மேலேறினார்.

காபாபிளாங்காவுக்கு அது நல்ல மாதமாக இல்லை. அவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. தம் ஐம்பதாவது பிறந்த நாளன்று தம்மிடமிருந்து பட்டத்தைப் பறித்த அலேகினிடம் தோற்றார். மூன்று நாட்கள் கழித்து, 11-வது சுற்றில், ரோட்டர்டாமில் போட்வினிக்கைச் சந்தித்தார். போட்வினிக்குக்கு வெள்ளை, காபாபிளாங்காவுக்குக் கறுப்பு. இந்த ஆட்டத்தைத்தான் நாம் ஆராயப்போகிறோம்.

இடப்புறமா, நடுவிலா?

தொடக்கம் 'நிம்சோ-இந்தியத் தற்காப்பு' என்ற வகை. அதென்ன இந்தியா என்று கேட்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் மகேஷ்சந்திர பானர்ஜி என்பவர் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞருடன் ஆடிய ஆட்டங்கள் குறித்துவைக்கப்பட்டன. நடுச்சிப்பாயை உடனே இரண்டு கட்டம் தள்ளாமல் நிதானமாக ஆடும் அவ்வகைத் தற்காப்புகளுக்கு அதிலிருந்து இந்தியப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பர்.

14-வது நகர்வில் காபாபிளாங்கா தம் சிப்பாயைச் சி4-க்குத் தள்ளினார். அதுவரை அந்தச் சிப்பாய் சி5-இல் நின்று வெள்ளையின் டி4 சிப்பாயை அச்சுறுத்திக்கொண்டிருந்தது. அது நகர்ந்தவுடன் அச்சுறுத்தல் நீங்கியது. வெள்ளையின் நடுப்பகுதிக்கு நிம்மதி கிடைத்தது. காபாபிளாங்கா ஏன் அப்படிச் செய்தார்? அவருடைய கண் இடப்புறத்தில், ஏ4-இல் தனித்து நின்ற ஒரு வெள்ளைச் சிப்பாயின்மேல் இருந்தது. அதைப் பிடிக்கத் தம் குதிரையை நான்கு நகர்வுகளில் கொண்டுபோனார்: பி8, சி6, ஏ5, பி3.

அந்த நான்கு நகர்வுகளில் போட்வினிக் என்ன செய்தார் என்று பாருங்கள். கோட்டையை ஈ1-க்குக் கொண்டுவந்தார். குதிரையை ஜி3-இல் வைத்தார். சிப்பாயை எஃப்3-க்கு நகர்த்தினார். பிறகு ஈ4! ஒருவர் நான்கு நகர்வுகளைச் செலவிட்டு ஒரு சிப்பாயைத் தேடிப் போனார். மற்றவர் அதே நான்கு நகர்வுகளில் நடுப்பகுதியில் ஒரு படையைத் திரட்டினார். உடனே காபாபிளாங்காவின் ராணி ஏ4 சிப்பாயை வெட்டியது. கணக்குப்படி கறுப்புக்கு ஒரு சிப்பாய் இலாபம். ஆனால் அவருடைய ராணியும் ஒரு குதிரையும் பலகையின் ஓர் ஓரத்தில். அவருடைய ராஜாவோ மறு பக்கத்தில்.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. காய்களை எண்ணுவது எளிது. காய்களின் பயனை எண்ணுவது கடினம். பி3-இல் நின்ற கறுப்புக் குதிரை ஆட்டம் முடியும்வரை அங்கிருந்து அசையவே இல்லை. அது பலகையில் இருந்தது, ஆட்டத்தில் இல்லை.

அதன் பின் வெள்ளைச் சிப்பாய்கள் முன்னேறின. ஈ5 என்று தள்ளி, எஃப்6-இல் காவல் நின்ற கறுப்புக் குதிரையை விரட்டினார் போட்வினிக். எஃப்4 என்று மேலும் தள்ளினார். காபாபிளாங்கா எஃப்5 என்று இரண்டு கட்டம் பாய்ந்து வழியை அடைக்கப் பார்த்தார். வெள்ளை அதைப் 'போகிற போக்கில் வெட்டும்' விதிப்படி வெட்டியது. குதிரை மீண்டும் எஃப்6-க்கு வந்து அந்தச் சிப்பாயைப் பிடித்தது. 24-வது நகர்வில் வெள்ளை எஃப்5! ஈ வரிசையில் கோட்டைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. 26-வது நகர்வில் தம் கடைசிக் கோட்டையை ஈ6-இல் கொண்டுபோய் நிறுத்தினார் போட்வினிக். கறுப்பு அதை வெட்ட, எஃப்5 சிப்பாய் திருப்பி வெட்டி ஈ6-இல் அமர்ந்தது. இன்னும் இரண்டே அடி வைத்தால் அது ராணியாகிவிடும். அதைத் தடுக்கக் கறுப்பு ராணி ஓடிவந்து ஈ7-இல் நின்றது. நீங்கள் அடுக்கிவைத்த நிலை இதுதான்.

முப்பதாவது நகர்வு

இப்போது நிலையைக் கூர்ந்து பாருங்கள். கறுப்பு ராணி ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. ஈ6 சிப்பாயை முன்னே போகவிடாமல் தடுக்கிறது; எஃப்6 குதிரைக்கும் காவலாக நிற்கிறது. இரண்டு வேலை செய்யும் காவலாளியை எப்படி வெல்வது? இடத்தைவிட்டு நகரச் செய்யவேண்டும்.

போட்வினிக் தம் மந்திரியை பி2-இலிருந்து ஏ3-க்கு நகர்த்தினார். அந்த மந்திரிக்கு அங்கே காவல் இல்லை. கறுப்பு ராணி அதை இலவசமாக வெட்டலாம். வெட்டாவிட்டால்? ராணி ஈ8-க்குப் பின்வாங்கினால், வெள்ளை ராணி சி7-இல் செக் கொடுக்கும். ராஜா ஜி8 போகும். மந்திரி ஈ7-இல் புகுந்து உட்காரும். அதன் பின் கறுப்புக்கு மூச்சுவிட இடமில்லை. ஆகவே காபாபிளாங்கா வெட்டினார்: ராணி ஏ3-க்குப் போய்விட்டது.

31-வது நகர்வு: வெள்ளைக் குதிரை எச்5-இல் செக்! இதுவும் பலி. ராஜா வேறெங்கு நகர்ந்தாலும் எஃப்6 குதிரை வீழும். ஆகவே ஜி6 சிப்பாய் அந்தக் குதிரையை வெட்டியது. இரண்டே நகர்வுகளில் வெள்ளை தன் மந்திரியையும் குதிரையையும் கொடுத்துவிட்டது. 32: ராணி ஜி5-இல் செக்; ராஜா எஃப்8. 33: ராணி எஃப்6 குதிரையை வெட்டிச் செக்; ராஜா ஜி8. (ஈ8-க்குப் போனால், ராணி எஃப்7-இல் செக், பிறகு டி7-இல் செக்மேட்.) 34: சிப்பாய் ஈ7! இனி ராணி எஃப்8-இல் அமர்ந்தால் ஆட்டம் முடிந்தது. சிப்பாய் ஈ8-இல் ராணியாவதும் கூடும்.

காபாபிளாங்காவுக்கு ஒரே வழி உண்டு. வெள்ளை ராஜாவுக்கு ஓயாமல் செக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் டிரா ஆகிவிடும். அவருடைய ராணி சி1-இல் செக் கொடுத்தது, ராஜா எஃப்2. சி2-இல் செக்; ராஜா ஜி3. டி3-இல் செக், ராஜா எச்4. ஈ4-இல் செக், ராஜா எச்5 சிப்பாயையே வெட்டிக்கொண்டு முன்னேறினார். ஈ2-இல் செக், ராஜா எச்4. மீண்டும் ஈ4-இல் செக்; இப்போது சிப்பாயை ஜி4-க்குத் தள்ளி மறைத்துக்கொண்டார். ஈ1-இல் ஏழாவது செக், ராஜா எச்5. பலகையில் இந்த நிலையை வைத்துப் பாருங்கள். ஜி4, எச்2 சிப்பாய்கள் இரண்டு பக்கமும் வழியை அடைத்திருக்கின்றன. பயனுள்ள செக் இனி இல்லை. 41-வது நகர்வுடன் காபாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

எவ்வளவு தூரம் பார்த்தார்?

இத்தகைய ஆட்டத்தைப் படிக்கும்போது நமக்கு என்ன தோன்றுகிறது? 'மந்திரியைத் தொடும்போதே பன்னிரண்டு நகர்வுகளையும் அவர் கண்டுவிட்டார்' என்று தோன்றுகிறது. மேதை என்றால் முடிவுவரை பார்ப்பவர் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

அது முடியுமா என்று ஒரு சிறு கணக்குப் போடுவோம். 30-வது நகர்விலிருந்து இறுதிவரை வெள்ளை 12 முறையும் கறுப்பு 11 முறையும் நகர்த்தின, ஆக 23. ஒவ்வொரு முறையும் விதிப்படி செய்யக்கூடிய நகர்வுகள் சராசரியாக 30 என்று கொண்டால், 30-ஐ 23 முறை பெருக்கவேண்டும். விடை ஏறத்தாழ ஒன்றின் பின் 34 சுழிகள். அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1950-இல் வெளியிட்ட கட்டுரையில், 40 நகர்வுகள் கொண்ட ஆட்டத்துக்கு இவ்வாறே கணக்கிட்டு ஒன்றின் பின் 120 சுழிகள் என்று காட்டினார். எந்த மூளையும் எந்த இயந்திரமும் இத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்க்க இயலாது.

அப்படியானால் மனிதன் எப்படி ஆடுகிறான்? செக் என்பதில்தான் இரகசியம் இருக்கிறது. செக் கொடுத்தால் எதிரிக்கு முப்பது வழிகள் இருப்பதில்லை; இரண்டோ மூன்றோதான். கிளைகள் பல விரிந்த மரம் ஒற்றையடிப் பாதையாகச் சுருங்கிவிடுகிறது. போட்வினிக் 31, 32, 33 என்று மூன்று நகர்வுகளிலும் செக் கொடுத்தார் அல்லவா? அந்தப் பாதையில்தான் அவர் தூரம் பார்த்தார்.

அப்போதும் முடிவுவரை பார்க்கவில்லை. இதை அவரே பிற்காலத்தில் எழுதினார். முழுச் சேர்க்கையையும் கடைசிவரை தம்மால் கணக்கிட முடியவில்லை என்றும், இரண்டு கட்டமாகச் செயல்பட்டதாகவும் ஒப்புக்கொண்டார். முதலில் ஆறு நகர்வுகள் வரை பார்த்தார். வெற்றி கிட்டாவிட்டாலும் தாமே தொடர்ந்து செக் கொடுத்துக் குறைந்தது டிரா செய்துகொள்ளலாம் என்று உறுதி செய்துகொண்டார். அந்த உறுதியுடன் மந்திரியை நகர்த்தினார். அந்த நகர்வுகள் முடிந்த பிறகுதான், எதிரியின் செக்குகளிலிருந்து தம் ராஜா தப்பும் வழியை இறுதிவரை கணக்கிட்டார்.

நண்பரே, இந்த ஒப்புதலை அந்த ஆட்டத்தைப் போலவே மதிப்புள்ளதாகக் கருதவேண்டும். புகழ்பெற்ற தம் வெற்றியைப் பற்றி 'எல்லாம் எனக்கு முன்பே தெரியும்' என்று அவர் சொல்லியிருந்தால் மறுப்பார் யாருமில்லை. அவர் அப்படிச் சொல்லவில்லை. முழு அறிவு கிடைக்கும்வரை காத்திருந்தால் கடிகாரம் ஓடிவிடும். அறிவே இல்லாமல் துணிந்தால் அது சூதாட்டம். 'இதற்குக் கீழே போகமாட்டேன்' என்ற ஓர் எல்லையை உறுதி செய்துகொண்டு அதன்மேல் துணிவது மூன்றாவது வழி. பொறியாளரான போட்வினிக்குக்கு இம்முறை புதிதல்ல. பாலம் கட்டுபவரும் சோதனைச்சாலையில் பணி செய்பவரும் நாள்தோறும் பின்பற்றுவது இதுதான்.

பிற்காலத்தில் போட்வினிக் இதே கேள்வியைக் கணிப்பொறியிடம் கொண்டுசென்றார். எல்லாக் கிளைகளையும் தேடாமல், மனிதனைப்போல் வேண்டியவற்றை மட்டும் தேடும் ஆணைத்தொடரை உருவாக்கப் பல ஆண்டுகள் உழைத்தார். அதற்குப் 'பயனியர்' என்று பெயரிட்டார். அந்த முயற்சி அவர் விரும்பிய உயரத்தை எட்டவில்லை. மின்னல் வேகத்தில் கோடிக்கணக்கான நிலைகளைத் தேடும் மாற்றுவழியே முந்திக்கொண்டது. 1997-இல் 'டீப் புளூ' என்ற கணிப்பொறி, போட்வினிக்கின் மாணவரான உலக வீரர் காஸ்பரோவை வென்றது. இன்று உங்கள் கைப்பேசியிலுள்ள சதுரங்க நிரலிடம் அந்த 30-வது நிலையைக் கொடுத்தால், அதுவும் மந்திரியை ஏ3-க்கு நகர்த்தச் சொல்லும். பழைய மேதைகள் எழுதிய விளக்கங்கள் பல இச்சோதனையில் பொய்த்துப் போயின. இந்த நகர்வு நின்றது.

முடிவுப் பட்டியல்

14 சுற்றுகளின் முடிவு இது:

கேரஸ் 8½; ஃபைன் 8½; போட்வினிக் 7½; அலேகின் 7; யூவே 7; ரெஷெவ்ஸ்கி 7; காபாபிளாங்கா 6; ஃபுளோர் 4½.

56 ஆட்டங்களில் 32 டிராவாயின. 24-இல் வெற்றி தோல்வி ஏற்பட்டது. முதலிருவர் சமமாயினும் முதலிடம் கேரஸுக்கே தரப்பட்டது. ஃபைனுடன் ஆடிய இரண்டு ஆட்டங்களில் ஒன்றை வென்று மற்றதை டிரா செய்தவர் அவர். மேலே உள்ள மூவரும் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதைக் கவனியுங்கள். உலக வீரரும் இரண்டு முன்னாள் வீரர்களும் அவர்களுக்குக் கீழே. காபாபிளாங்கா தம் வாழ்நாளில் ஒரு போட்டியில் பாதிக்கும் குறைவான புள்ளிகள் பெற்றது இந்த ஒரு முறைதான்.

எஸ்தோனியாவின் 22 வயது இளைஞர் இனி உலக வீரரை எதிர்க்கவேண்டியதுதானே? சதுரங்க உலகம் அப்படித்தான் நினைத்தது. போட்வினிக்கும் சும்மா இருக்கவில்லை. அலேகினைச் சந்தித்து ஒரு போட்டிக்குப் பேச்சு நடத்தினார். பத்து மாதங்களில், 1939 செப்டம்பரில், போர் மூண்டது.

பட்டியல் அழிந்தது

1940 மே 10 அன்று ஜெர்மன் படை ஹாலந்துக்குள் நுழைந்தது. மே 14 அன்று விமானக் குண்டுவீச்சில் ரோட்டர்டாமின் நடுநகரம் தரைமட்டமானது. போட்வினிக் தம் மந்திரியை ஏ3-க்கு நகர்த்தி ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை.

அதே 1940-இல் கேரஸின் எஸ்தோனியா சோவியத் ஒன்றியத்துடன் சேர்த்துக்கொள்ளப்பட்டது. 1941-இல் ஜெர்மானியர் கையில் விழுந்தது. 1944-இல் மறுபடியும் சோவியத் வசமானது. போரின் ஊடே கேரஸின் இளமை கழிந்தது. பின்னாளில் உலகப் பட்டத்தின் வாசல்வரை பலமுறை வந்தார். உள்ளே போக முடியவில்லை. 1975-இல் இறந்தார். எஸ்தோனியா மீண்டும் தனி நாடானபோது, 1992 முதல் புழங்கிய அதன் ஐந்து குரோன் பணத்தாளில் அவர் முகத்தை அச்சிட்டது.

காபாபிளாங்கா 1942 மார்ச்சில் நியூயார்க்கில், ஒரு சதுரங்கக் கழகத்தில் மயங்கி விழுந்து, மறுநாள் இறந்தார். நாட்டை இழந்த ஃபுளோர் சோவியத் ஒன்றியத்தில் தஞ்சம் புகுந்து 1942-இல் அந்நாட்டுக் குடிமகனானார். 1946-இல் அலேகின்-போட்வினிக் பேச்சு மீண்டும் தொடங்கிக் கனியும் வேளையில், மார்ச் 24 அன்று, அலேகின் போர்ச்சுகல் நாட்டில் தனியாக இறந்துகிடந்தார். உலக வீரராகவே இறந்தவர் அவர் ஒருவர்தான்.

1948-இல் ஐவரை வைத்து ஹேக், மாஸ்கோ நகரங்களில் புதிய வீரரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபைன் வரவில்லை, அவர் உளவியல் படிப்பில் இறங்கிவிட்டார். போட்வினிக் 20 ஆட்டங்களில் 14 புள்ளிகள் பெற்று, மற்றவர்களைவிட மூன்று புள்ளிகள் முந்தி உலக வீரரானார். அன்றிலிருந்து பட்டத்துக்குப் போட்டியிடுபவரைத் தகுதிச் சுற்றுகள் மூலம் தேர்ந்தெடுக்கும் முறை ஏற்பட்டது. ஒரு மனிதரின் விருப்பத்தைப் பொறுத்திருந்த பட்டம் ஒழுங்குக்குள் வந்தது. ஆவ்ரோ செய்ய நினைத்த வேலை பத்தாண்டு தாமதமாக, நான்கு பேர் இல்லாமல் நிறைவேறியது.

ஆட்டம் அழியவில்லை

ஆவ்ரோவின் முடிவுப் பட்டியல் வரலாற்றில் எதையும் தீர்மானிக்கவில்லை. ஆட்டம் நடந்த நகரத்தின் நடுப்பகுதி எரிந்து போயிற்று. ஆடிய எண்மரும் இன்று இல்லை. ஆனால் அந்த ஆட்டத்தை நீங்கள் இப்போது உங்கள் வீட்டில் ஆடிப் பார்த்தீர்கள். ஒரு நகர்வுகூடக் குறையவில்லை. எப்படி முடிந்தது? இருவரும் ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதிவைத்ததால்தான்.

விஞ்ஞானம் வளர்ந்ததும் இப்படித்தான். சோதனையைச் செய்தவர் மறைவார், சோதனைச்சாலை மறையும். என்ன செய்தார், எந்த வரிசையில் செய்தார் என்ற குறிப்பு இருந்தால், நூறு ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டு மாணவன் அதைத் திரும்பச் செய்து 'சரி' என்றோ 'தவறு' என்றோ சொல்லலாம். ஒருவர் மேதை என்பதற்காக அவர் சொன்னதை ஏற்கவேண்டியதில்லை; பலகையை எடுத்துச் சரிபார்க்கலாம்.

பெரிய போட்டி ஒன்றை நீங்கள் பின்தொடரும்போது இம்முறையைக் கையாண்டு பாருங்கள். ஆட்டக் குறிப்பை ஓர் அட்டையால் மூடிக்கொள்ளுங்கள். அடுத்த நகர்வு என்னவாக இருக்கும் என்று உங்கள் ஊகத்தையும் அதற்குரிய காரணத்தையும் எழுதுங்கள். பிறகு அட்டையை ஒரு வரி கீழே இறக்குங்கள். உங்கள் ஊகம் தவறினால் வருந்தாதீர்கள். ஏன் தவறியது என்று தேடுங்கள். கணிப்பொறியைக் கடைசியில் கேளுங்கள். முதலிலேயே கேட்டால் விடை கிடைக்கும், சிந்தனை கிடைக்காது.

இனி, பலகையை மறுபடியும் அந்த 30-வது நிலைக்குக் கொண்டுவாருங்கள். இம்முறை கறுப்புப் பக்கம் உட்காருங்கள். மந்திரி ஏ3-க்கு வந்துவிட்டது. காபாபிளாங்கா அதை வெட்டினார். நீங்கள் என்ன செய்வீர்கள்?